எண்ணிப் பார்த்தலும் கேட்டுப் பார்த்தலும்

உடலுக்கு நோய் வந்தால் மருத்துவர் ஆராய்கிறார். ஊருக்கு ஒரு குறை வந்தால் அதை ஆராய்வது எவ்வாறு? ஆய்வுக்கூடத்தில் உப்பைக் கரைத்துப் பார்ப்பது போல ஓர் ஊரைக் கரைத்துப் பார்க்க இயலாது. தராசில் வைத்து நிறுக்கவும் இயலாது. ஆயினும் ஊரைப் பற்றிய உண்மையை அறிய வழிகள் உண்டு. அவ்வழிகளைக் கற்பிக்கும் துறையே சமூக ஆய்வு.

இத்துறை அறிஞர்கள் கையாளும் முறைகள் பெரும்பாலும் இரு வகைப்படும். எத்தனை, எவ்வளவு, எத்தனை பேரில் எத்தனை பேர் என்று எண்ணிக் கணக்கிடுவது அளவுசார் முறை. ஏன், எப்படி, அவ்வாறு வாழ்பவர் அதை என்னவென்று கருதுகிறார் என்று உடனிருந்து பார்த்தும் பேசியும் அறிவது பண்புசார் முறை. முன்னதற்குக் கருவி வினாப்பட்டியலும் அட்டவணையும். பின்னதற்குக் கருவி கண்ணும் காதும் பொறுமையும்.

இவ்விரண்டும் நமக்குப் புதியவை அல்ல. நம் அய்யம்பாளையத்தில் தேங்காய் வாங்க வருபவரைக் கவனியுங்கள். அவர் காய்களை எண்ணுகிறார். எண்ணிக்கொண்டே நடுநடுவே ஒரு காயை எடுத்துத் தட்டி, காதருகே வைத்து ஓசையைக் கேட்கிறார். எண்ணிக்கை தெரிந்தால் விலை போடலாம்; ஓசை தெரிந்தால்தான் காய் முற்றியதா, இளசா என்று அறியலாம். எண்ணாமல் வாங்குபவரும் நட்டப்படுவார்; தட்டாமல் வாங்குபவரும் நட்டப்படுவார்.

தமிழ்மொழியே இதை நமக்குச் சொல்லித் தருகிறது. ‘எண்ணுதல்’ என்றால் கணக்கிடுதல் என்றும் பொருள். சிந்தித்தல் என்றும் பொருள். ‘கேட்டல்’ என்றால் வினவுதல் என்றும் பொருள். செவிகொடுத்தல் என்றும் பொருள். கணக்கிட்டுவிட்டுச் சிந்திக்காமல் இருப்பதும், வினவிவிட்டுச் செவிகொடுக்காமல் இருப்பதும் பாதி வேலையே. இக்கட்டுரை சொல்ல வருவது இதுதான்: எண்ணிக்கை ஒரு குறை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று காட்டும், அது என்ன குறை என்று காட்டுவதற்குக் காது வேண்டும். நம் நாட்டில், குறிப்பாகப் பெண்கள் வாழ்வில், இது எவ்வாறு மெய்யாயிற்று என்று காண்போம்.

மாணவர்கள் தொடங்கிய ஆய்வு

தமிழ்நாட்டில் கிராமங்களை முறையாக ஆராயும் பணியில் மாணவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது பலர் அறியாத செய்தி. 1915-ஆம் ஆண்டு கில்பர்ட் சிலேட்டர் என்னும் ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத் துறையின் முதல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். நூலகத்தில் அமர்ந்து இந்தியப் பொருளாதாரத்தைக் கற்பிக்க முடியாது என்று உணர்ந்த அவர், தம் மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்து, 1916-இல் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம் உள்ளது, என்ன விளைகிறது, கடன் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று மாணவர்கள் கேட்டு எழுதி வந்தார்கள். அவை 1918-இல் நூலாக வெளிவந்தன. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, தஞ்சைப் பகுதியின் பாலக்குறிச்சி, வடார்க்காட்டுத் தூசி, இராமநாதபுரப் பகுதியின் வடமலைபுரம், திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான் ஆகியவை அந்நூலில் இடம்பெற்ற ஊர்கள்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1936-37-இல் பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகியோரின் தலைமையில் அதே ஊர்கள் மறுபடியும் ஆராயப்பட்டன. அந்நூல் 1940-இல் வெளிவந்தது. இருவேல்பட்டு போன்ற ஊர்களுக்கு அதன் பின்னரும் ஆய்வாளர்கள் சென்றுள்ளனர். இதனால் விளைந்த பயன் என்ன? ‘அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது’ என்று நாம் பொதுவாகப் பேசுகிறோம். நினைவு இனியவற்றை வைத்துக்கொண்டு கசப்பானவற்றைக் கழித்துவிடும். 1916-இல் எழுதி வைத்த எண் அவ்வாறு மாறுவதில்லை. பாட்டியின் நினைவையும் பழைய பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் ஊரின் உண்மையான வரலாறு கிடைக்கிறது. அளவுசார் முறையின் முதற்சிறப்பு இதுவே: அது காலம் கடந்தும் ஒப்பிட உதவும்.

‘சும்மாதான் இருக்கேன்’

அந்த முறையின் குறையும் ஒன்று உண்டு. எண் எப்போதும் கேட்ட கேள்விக்கே பதில் சொல்லும். கேள்வி தவறானால் எண்ணும் தவறாகும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகச் செல்பவர்களில் பலர் பள்ளி ஆசிரியர்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். “என்னம்மா வேலை பாக்குறீங்க?” என்று கேட்டால், நம் ஊர்ப் பக்கத்தில் ஒரு தாய் என்ன சொல்வார்? “வேலை ஒண்ணுமில்லை டீச்சர், வீட்ல சும்மாதான் இருக்கேன்” என்பார். அப்படிச் சொல்லும்போதே அவர் கை தென்னங்கீற்றை முடைந்துகொண்டிருக்கும். விடியுமுன் மாட்டைக் கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றியிருப்பார். புல் அறுத்து வந்திருப்பார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியிருப்பார். ஆனால் படிவத்தில் ‘வேலை செய்யாதவர்’ என்று ஒரு குறி விழும். அத்தகைய குறிகளைக் கோடிக்கணக்கில் கூட்டினால், இந்தியப் பெண்களில் பெரும்பாலோர் உழைக்காதவர்கள் என்று ஓர் அட்டவணை பிறக்கும். கூட்டல் சரி, விடை தவறு.

இதைக் கண்டுபிடித்தது எண் அன்று. உடனிருந்து பார்த்த கண். தேவகி ஜெயின் என்னும் பொருளாதார அறிஞர் 1976-77-இல் இராஜஸ்தானிலும் மேற்கு வங்காளத்திலும் சில கிராமங்களில் ஓர் ஆய்வு நடத்தினார். ஆய்வாளர்கள் ஊரிலேயே தங்கி, ஆணும் பெண்ணும் குழந்தையும் காலை முதல் இரவு வரை எந்த நேரத்தில் எதைச் செய்கிறார்கள் என்று குறித்தார்கள். ‘வீட்டு வேலை மட்டும்’ என்று கணக்கில் எழுதப்பட்ட பெண்களில் பலர் கால்நடைகளைப் பேணுவதும், தானியம் புடைப்பதும், விறகு பொறுக்குவதுமாகக் குடும்பத்தின் வருவாய்க்கே உழைத்தது தெரிந்தது.

அதன் பின் கேள்வி திருத்தப்பட்டது. 1991-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், வேலை செய்தீர்களா என்ற வினாவோடு, குடும்ப நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ ஊதியமின்றிச் செய்த உழைப்பும் சேரும் என்ற விளக்கம் இணைக்கப்பட்டது. 1998-99-இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் நேரப் பயன்பாட்டு ஆய்வை அரசு நடத்தியது. 2019-இல் அது நாடு முழுவதும் நடந்தது. ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில், ஊதியமில்லா வீட்டு வேலை செய்த பெண் ஒருத்தி அதற்கு நாள் ஒன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டாள். அவ்வேலையில் ஈடுபட்ட ஆண் 97 நிமிடம். பெண்களில் 100-க்கு 81 பேர் அவ்வேலையைச் செய்தார்கள். ஆண்களில் 26 பேர் செய்தார்கள். ‘சும்மா இருக்கேன்’ என்ற சொல்லுக்குள் ஐந்து மணி நேர உழைப்பு ஒளிந்திருந்தது.

இங்கே முறைகளின் வரிசையைக் கவனியுங்கள். சில கிராமங்களில் உடனிருந்து பார்த்ததால் புதிய கேள்வி பிறந்தது. அந்தக் கேள்வியை நாடு முழுவதும் கேட்டதால் குறையின் அளவு தெரிந்தது. சில ஊர்களில் பார்த்ததோடு நின்றிருந்தால், ‘எங்கோ நடப்பது’ என்று ஒதுக்கியிருப்பார்கள்.

ஒரு பானைச் சோறு

நாடு முழுவதும் கேட்பது என்றால் எல்லாரையும் கேட்க வேண்டுமா? வேண்டியதில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீட்டில் சொல்வார்கள். மாதிரி எடுத்து ஆராயும் முறையின் தத்துவம் இதுவே. பேராசிரியர் மகலனோபிஸ் என்னும் புள்ளியியல் மேதையின் முயற்சியால் 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு இவ்வழியில்தான் நடந்து வருகிறது.

ஆனால் சமையலறை அறிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். பானையைக் கிளறாமல் மேலே உள்ள சோற்றை மட்டும் நசுக்கிப் பார்த்தால் அடி பிடித்தது தெரியாது. அதுபோல் கடைவீதியில் நிற்பவர்களை மட்டும் கேட்டுவிட்டு ‘ஊர் மக்கள் கருத்து’ என்று எழுதினால், கடைவீதிக்கு வராதவர்களின் கருத்து விட்டுப்போகும். பகலில் பூட்டிக் கிடக்கும் வீட்டைத் தாண்டிச் சென்றால், கூலிக்குப் போனவர் வீடு விட்டுப்போகும். தாண்டிக்குடிப் பக்கம் காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் மலையேறிப் போகும் குடும்பம் இருந்தால், அந்தக் குடும்பமே கணக்கில் இராது. பூட்டிய வீடு ஆளில்லாத வீடு அன்று. மாலையில் மறுபடியும் போய்க் கதவைத் தட்டுவதே நேர்மையான ஆய்வு.

குறைந்துபோன பெண் குழந்தைகள்

இப்போது மிக வருத்தத்திற்குரிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெண்களாகிய நாம் இதைப் படிக்காமல் தாண்டிச் செல்வது முறையன்று.

இயற்கையில் சுமார் 105 ஆண் குழந்தைகளுக்கு 100 பெண் குழந்தைகள் பிறக்கின்றன. அதாவது 1000 ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 950 பெண் குழந்தைகள். தமிழ்நாட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 1000 ஆணுக்கு 1961-இல் 985 பெண்கள் இருந்தனர். 1971-இல் 974; 1981-இல் 967; 1991-இல் 948. பத்தாண்டுக்கு ஒருமுறை அந்த எண் இறங்கியவாறே வந்தது. ஆனாலும் 948 என்பது இயற்கை அளவை ஒட்டியே இருப்பதால், மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அச்சம் தோன்றாது.

சராசரி என்பது இவ்வாறு ஏமாற்றும். அதே 1991-ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்தின் எண்ணை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அது 849. இயற்கையாக இருக்க வேண்டியதை விட ஆயிரத்திற்கு நூறு பெண் குழந்தைகள் குறைவு! மாநிலம் முழுவதையும் சேர்த்துக் கூட்டி வகுத்தபோது, மற்ற மாவட்டங்களின் நல்ல எண்களுக்கு அடியில் சேலத்தின் துயரம் மறைந்து போயிற்று. முழங்கால் ஆழம் சராசரி என்று எண்ணி ஆற்றில் இறங்குபவன் மடுவில் மூழ்குவான்.

எண் ‘இங்கே குறைகிறது’ என்றது. ஏன் என்று சொல்லவில்லை. பெண் குழந்தைகளைப் பெற்றோர் கணக்கில் சொல்லாமல் விட்டார்களா? நோயில் இறந்தனவா? அல்லது வேறு காரணமா?

விடை வேறொரு வழியில் வெளிவரத் தொடங்கியிருந்தது. 1986 ஜூனில் ‘இந்தியா டுடே’ இதழ், உசிலம்பட்டிப் பகுதியில் பெண்சிசுக் கொலை நடப்பதை அங்குள்ள குடும்பங்களோடு பேசி எழுதியது. நாடே அதிர்ந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் வடார்க்காட்டுக் கே.வி.குப்பம் வட்டாரத்தில் 12 கிராமங்களில் குழந்தைகளின் வளர்ச்சியைக் கண்காணிக்கும் ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. குழந்தைகளை எடை போட்டுக் குறித்து, ஊட்டத்தை ஆராய்வதே அதன் நோக்கம். ஆனால் ஆண்டுக்கணக்கில் அதே வீடுகளுக்குச் சென்று வந்ததால், பிறந்த குழந்தை அடுத்த முறை ஏன் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிய வந்தது. சாபு ஜார்ஜ், ராஜரத்தினம் ஆபேல், பார்பரா மில்லர் ஆகியோர் 1992-இல் வெளியிட்ட கட்டுரை, உயிரோடு பிறந்த 759 குழந்தைகளில் 19 பேர் கொல்லப்பட்டதைப் பதிவு செய்தது. அனைவரும் பெண் குழந்தைகள். பழகாத ஒருவர் வினாப்பட்டியலோடு ஒருநாள் வந்து, “உங்கள் வீட்டில் இப்படி நடந்ததா?” என்று கேட்டிருந்தால் யார் பதில் சொல்லியிருப்பார்கள்? நம்பிக்கை பிறந்த பின்னரே சொல் பிறக்கும். பண்புசார் முறை காலம் எடுத்துக்கொள்வது இதனால்தான்.

ஆனால் கேட்டறிந்ததிலும் ஒரு தீங்கு நேர்ந்தது. செய்தி உசிலம்பட்டியிலிருந்து வந்ததால், அந்த ஊரின் பெயரே ஒரு பழிச்சொல் ஆயிற்று. இது அந்த ஊர்க்காரர்களின் குற்றம், நமக்கு அதில் பங்கில்லை என்று மற்றவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். அந்த நிம்மதியைக் கலைத்தது மறுபடியும் எண்தான். ஷீலா ராணி சுங்கத், வெங்கடேஷ் ஆத்ரேயா ஆகிய இருவரும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளை மாநிலம் முழுவதும் தொகுத்து, 1997-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பதிவேட்டில் குழந்தை இறந்ததற்குக் காரணம் எழுதும் இடத்தில் சில இடங்களில் ‘சமூகக் காரணம்’ என்று எழுதப்பட்டிருந்தது. காய்ச்சல் அன்று, வயிற்றுப்போக்கு அன்று; சமூகக் காரணம்! கிராம சுகாதாரச் செவிலியர் தாம் அறிந்த உண்மையை வெளிப்படையாகச் சொல்ல முடியாமலும், பொய் எழுத மனமில்லாமலும் எழுதிய சொல் அது. அச்சொற்களை எண்ணிக் கூட்டியபோது, மதுரையிலிருந்து தேனி, திண்டுக்கல், சேலம், தருமபுரி என்று ஒரு தொடர்ச்சியான நிலப்பகுதி தெரிந்தது. ஓர் ஊரின் பழி அன்று அது. பல மாவட்டங்களின் துயரம். நம் மாவட்டமும் அதில் ஒன்று.

ஆக, எண்ணிக்கை மறைத்ததைக் கேள்வி வெளிக்கொணர்ந்தது. கேள்வி ஓர் ஊரின்மேல் சுமத்திய பழியை எண்ணிக்கை திருத்தியது. ஒன்று மற்றொன்றின் ஆசிரியராகவும் மாணவியாகவும் இருந்தது.

ஏன் என்ற கேள்வி

காரணம் என்ன? பெரும்பாலும் முதல் பெண் குழந்தை வளர்க்கப்பட்டது. இரண்டாவதும் மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோதே ஆபத்து வந்தது. இது ஒரு பெரிய உண்மை. அன்பில்லாத பெற்றோர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது என்பதை இது காட்டுகிறது. மூத்தவளை மடியில் வைத்துக் கொஞ்சிய அதே வீட்டில்தான் இளையவளுக்கு இடமில்லாமல் போயிற்று. அக்குடும்பங்களோடு பேசியவர்கள் கேட்டவை வரதட்சணை, காதுகுத்து முதல் பிள்ளைப்பேறு வரை தொடரும் சீர்வரிசை, நிலத்திற்கும் கொள்ளிக்கும் ஆண் வேண்டும் என்ற நம்பிக்கை ஆகியவை. பல குடும்பங்களில் முடிவு தாயின் கையில் இல்லை என்பதும் தெரிந்தது.

‘பரிசம் போடுதல்’ என்ற சொல் இன்னும் நம் ஊர்களில் வழங்குகிறது. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குக் கொடுத்ததே பரிசம். கொடுக்கும் திசை இருபதாம் நூற்றாண்டில் பல சமூகங்களில் தலைகீழாயிற்று. சொல் நின்றுவிட்டது, பணம் திரும்பி ஓடுகிறது. இத்தகைய மாற்றத்தை அட்டவணை தானாகச் சொல்லாது. பாட்டிமாரிடம் அமர்ந்து அவர்கள் திருமணக் கதையைக் கேட்டால் தெரியும்.

1992-இல் தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 1997-99-இல் தருமபுரி மாவட்டத்தில் கலைப்பயணம் என்ற பெயரில் வீதி நாடகக் குழுக்கள் கிராமம் கிராமமாகச் சென்றன. எங்கு செல்ல வேண்டும் என்பதைப் பதிவேடு காட்டியது. எதைப் பேச வேண்டும் என்பதை மக்களின் சொற்கள் காட்டின.

எண்ணை வாசிக்கும் முறை

2001-இல் தமிழ்நாட்டின் எண் 942, 2011-இல் 943. மாற்றமில்லை என்று தோன்றும். ஆனால் அந்த எண்ணுக்குள் இருந்த காரணம் மாறியிருந்தது. ஸ்கேன் கருவி பரவிய பின், பிறந்த குழந்தைக்கு நேர்ந்த தீங்கு பிறவாத குழந்தைக்கு நேரத் தொடங்கியது. அதைத் தடுக்கவே 1994-இல் கருவின் பால் அறிதலைத் தடை செய்யும் சட்டம் இயற்றப்பட்டது. ஸ்கேன் மையங்களில் ‘கருவின் பால் கூறப்பட மாட்டாது’ என்று பலகை வைத்திருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒரே எண் இரு வேறு துயரங்களைக் குறிக்கலாம். எதுவென்று அறிய, பிறப்புப் பதிவேட்டில் ஆண் பெண் கணக்கையும், பிறந்த சில வாரங்களில் இறந்தோர் கணக்கையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பிறகு மக்களோடு பேச வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. சேலம் 1991-இல் 849, 2001-இல் 851. ஆனால் இடையில் 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆகவே இரண்டு எண்களும் ஒரே நிலப்பரப்பைக் குறிப்பவை அல்ல. நம் திண்டுக்கல் மாவட்டமும் 1985-இல் மதுரையிலிருந்து பிரிந்ததே. 1981-ஆம் ஆண்டுக் கணக்கில் நம் ஊரைத் தேடுபவர் மதுரை மாவட்டத்தில்தான் தேட வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றென்று கொள்ளக் கூடாது. 2011-இல் சேலத்தின் எண் 900-ஐத் தாண்டியது. இது மகிழ்ச்சிக்குரியது. சட்டத்தாலா, திட்டங்களாலா, பெண் கல்வியாலா, சிறு குடும்பங்களின் மனமாற்றத்தாலா என்று அந்த எண் மட்டும் சொல்லிவிடாது.

கேட்பதிலும் கவனம் தேவை. வந்த விருந்தாளிக்குப் பிடித்த பதிலைச் சொல்வது நம் மக்களின் பண்பு. உரக்கப் பேசுபவர் சொன்னது ஊர்க்கருத்து ஆகிவிடக் கூடாது. மனைவியிடம் கேட்ட கேள்விக்குக் கணவர் பதில் சொன்னால் அது கணவரின் பதிலே. நாம் முன்பே நினைத்திருந்ததை யாராவது சொன்னால் உடனே எழுதிக்கொண்டு, மாறாகச் சொன்னதை விட்டுவிடும் சபலமும் உண்டு. இவற்றைக் கடப்பதற்கே பயிற்சி.

நாமும் செய்து பார்க்கலாம்

மாணவியரே, இதை விடுமுறையில் நீங்களே செய்து பழகலாம். ‘பத்தாம் வகுப்புக்குப் பின் படிப்பை நிறுத்திய பெண்கள்’ என்று ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான்கைந்து வீடுகளுக்குச் சென்று, தாள் இல்லாமல், அமர்ந்து பேசுங்கள். பேருந்து வசதி, திருமணம், நூற்பாலை வேலை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளுதல் என்று காரணங்கள் வரும். நீங்கள் நினைத்திராத ஒன்றும் வரும். இவற்றைக் கொண்டு பத்துக் கேள்விகளை எளிய பேச்சுத் தமிழில் அமைத்துக்கொள்ளுங்கள். பின்னர் தெருவுக்குத் தெரு ஐந்தாவது வீடாக எடுத்துச் செல்லுங்கள். பூட்டிய வீட்டுக்கு மாலையில் மறுபடியும் செல்லுங்கள்.

அறுபது வீடுகளில் அத்தகைய வயதுப் பெண்கள் 24 பேர் என்றும், அவர்களில் 9 பேர் படிப்பை நிறுத்தியவர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். ஒன்பது வீட்டிலும் “அவளுக்குப் படிப்பு ஏறலை” என்றே சொல்கிறார்கள். ஆனால் அட்டவணையைப் பார்த்தால், ஒன்பதில் ஆறு வீடுகள் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து வெகு தொலைவில் உள்ளன. படிப்பு ஏறாதவர்கள் எல்லாரும் தொலைவில்தான் பிறப்பார்களா? இங்கே எண் உங்களுக்கு ஒரு புதிய கேள்வியைத் தருகிறது. திரும்பிப் போய், இம்முறை அந்தப் பெண்ணிடமே, தனியாக, அன்போடு கேளுங்கள்.

சில நெறிகளை மறக்க வேண்டா. அனுமதி பெறாமல் கேட்கக் கூடாது. பதில் சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. கேட்டதை மற்ற வீட்டில் பேசக் கூடாது. அறிக்கையில் பெயர் எழுதக் கூடாது. உதவி கிடைக்கும் என்று பொய் நம்பிக்கை தரக் கூடாது. முடிவைத் தெரு மக்களுக்கே வாசித்துக் காட்டுங்கள். தவறிருந்தால் அவர்களே திருத்துவார்கள். ஒருவருடைய துன்பத்தைக் கேட்பது ஒரு பொறுப்பு. அது நம் மதிப்பெண்ணுக்கான பொருள் மட்டும் அன்று.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கணக்கெடுப்பாளரோ மாணவியோ உங்கள் வாசலுக்கு வந்து கேட்டால், நேரம் ஒதுக்கி மெய்யான பதிலைக் கூறுங்கள். பிறப்பையும் இறப்பையும் தவறாமல் பதிவு செய்யுங்கள். ‘சும்மாதான் இருக்கேன்’ என்று எந்தத் தாயும் இனிச் சொல்ல வேண்டா. செய்வதைச் சொல்லுங்கள், எழுதட்டும்.

புள்ளிவிவரம் உலர்ந்த பாடம் என்று சிலரும், கதை கேட்பது ஆராய்ச்சி ஆகாது என்று வேறு சிலரும் கருதுகின்றனர். 849 என்ற எண் இல்லாதிருந்தால் சேலத்துக் குழந்தைகளைத் தேடியவர் எவருமில்லை. ‘சமூகக் காரணம்’ என்ற சொல்லின் பொருளை அறிந்தவர் இல்லாதிருந்தால் அந்த எண் வெறும் எண்ணாகவே ஏட்டில் கிடந்திருக்கும். அச்சொல்லை எழுதியவர் பெரிய பட்டம் பெற்ற ஆய்வாளர் அல்லர். ஊர் ஊராக நடந்து சென்ற செவிலியர். தாம் கண்டதை மறைக்காமல் எழுதியதே அவர் செய்த ஆய்வு.

நாளை உங்களில் செவிலியராகவோ ஆசிரியராகவோ அலுவலராகவோ வரப்போகிறவர் பலர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பதிவேடு வந்து சேரும். அதில் எழுதும் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு வீட்டுக் கதவு இருப்பதை நினைவில் கொள்ளுங்கள். எண்ணுங்கள், எண்ணியதைச் சிந்தியுங்கள். கேளுங்கள், கேட்டதற்குச் செவிகொடுங்கள்.